குவித்த ஒலியலையா, லேசரா, நுரையா? திருகோணமலையில் இருந்து வெரிகோஸுக்கு வழி தேடுகிறவர்களுக்கு

வெரிகோஸ் என்று சொல்லும், காலில் புடைத்து நெளிந்த நாளத்தைக் கீறாமல், உள்ளே குழாய் விடாமல், தோலுக்கு வெளியே இருந்தே ஒலியலையால் சுட்டு அடைத்துவிடலாம் என்று காட்டும் வீடியோக்கள் கைத்தொலைபேசியில் வரத் தொடங்கியதில் இருந்து, “அது இங்கே வரும்வரை பொறுப்போம்” என்கிறவர்கள் கூடிவிட்டார்கள். பொறுக்கலாமா என்பது காலைப் பொறுத்தது. மாலையானால் கனக்கிறது, பார்க்க வடிவில்லை என்ற அளவில் இருப்பவர் ஒன்றிரண்டு வருடம் பொறுத்தாலும் பெரிய நட்டமில்லை. கணுக்காலுக்கு மேல் உட்பக்கம் தோல் கறுத்துத் தடித்து அரிக்கத் தொடங்கியவர் பொறுக்கக் கூடாது. புண் வந்துவிட்டவருக்கு ஒவ்வொரு மாதமும் நட்டம்தான்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான கால்களுக்கு லேசர் அல்லது ரேடியோ அலை. அது கைக்கெட்டாவிட்டால், அல்லது நாளம் மிகவும் நெளிந்திருந்தால் நுரை ஊசி. அதுவும் சரிவராதபோது பழைய சத்திரசிகிச்சை. குவித்த ஒலியலைக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் விளம்பரம் காட்டுவதைவிட அது சின்ன இடம்.

குவித்த ஒலியலை எப்படி வேலை செய்கிறது

கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் ஸ்கேனில் வருகிற அதே வகை ஒலியலைதான். அங்கே அது பரவலாகச் சென்று திரும்பி வருகிறது. இங்கே பலமான அலைகளை ஒரு குவிந்த முகப்பின் வழியாக அனுப்பி, தோலுக்குக் கீழே ஓர் அரிசி மணியளவு இடத்தில் சேர்க்கிறார்கள். சேருமிடத்தில் மட்டும் நாளச் சுவர் வெந்து சுருங்கும். நடுவில் உள்ள தோலுக்கும் கொழுப்புக்கும் தாங்கக்கூடிய சூடுதான் போகும். பிரான்ஸின் தெராக்லியோன் நிறுவனம் செய்யும் சோனோவெயின் என்ற இயந்திரம் 2019ஆம் ஆண்டு ஐரோப்பாவின் சி.ஈ. அனுமதியைப் பெற்றது. கால் நாளங்களுக்கு இந்த முறையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இதையே சொல்கிறார்கள்.

நோயாளி படுத்திருப்பார். முதலில் சாதாரண ஸ்கேனால் நாளத்தின் போக்கைப் பார்த்துத் தோலில் மைக்கோடு போடுவார்கள். நாளத்தைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தோ சேலைனோ ஊசியால் ஏற்றுவதும் வழக்கம். ஆகவே “ஊசியே இல்லை” என்பதை அப்படியே நம்ப வேண்டாம். பிறகு குளிர்நீர் ஓடும் முகப்பைத் தோலில் அழுத்தி வைத்து, சில வினாடிகள் சூடு, பின்னர் ஆறுவதற்கு இடைவெளி, சில மில்லிமீற்றர் நகர்த்தல், மீண்டும் சூடு என்று துளித்துளியாகப் போவார்கள். முடிந்ததும் எழுந்து நடக்கலாம். காயமில்லை, தையலில்லை.

துளித்துளியாகப் போவதில்தான் சிக்கலும் இருக்கிறது. காலின் உட்பக்கத்து முக்கிய மேலோட்ட நாளமான பெரிய சஃபீனஸ் நாளம் கவட்டில் இருந்து முழங்கால் வரை நாற்பது சென்ரிமீற்றர் அளவில் ஓடும். அத்தனையையும் அரிசி மணி அரிசி மணியாகச் சுடுவதற்குப் பொறுமையும் நேரமும் வேண்டும். அதனால் பல இடங்களில் முக்கியமான துண்டுகளை மட்டும் அடைக்கிறார்கள். நடுவே விட்ட துண்டு திறந்திருந்து, ஒரு கிளைநாளம் வழியாக மீண்டும் நிரம்பினால் வேலை வீண்.

மற்றச் சிக்கல்கள் இயற்பியலில் இருந்து வருகின்றன. நாளத்தில் ஓடும் இரத்தம் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். எனவே சுடும்போது நாளத்தை வெளியில் இருந்து நசுக்கி இரத்தத்தை வெளியேற்ற வேண்டும். அகன்ற நாளத்தில் இது கடினம், அடைப்பு அரைகுறையாகிவிடும். நாளம் தோலுக்கு மிக அருகில் இருந்தால் தோல் வெந்துபோகும். மெலிந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். கொஞ்சம் சதைப்பிடிப்பானவர்களுக்கு இந்த முறையில் ஒரு அனுகூலம் உண்டு! எலும்பு ஒலியை உறிஞ்சிச் சூடாகும். ஆகவே முன்னங்கால் எலும்பை ஒட்டியும் கணுக்காலருகிலும் சுட்டால் நோயாளி துள்ளிவிடுவார். துள்ளினால் குவிப்பு விலகும். முழங்காலுக்குக் கீழே உட்பக்க நாளத்தை ஒட்டி சஃபீனஸ் நரம்பும், கெண்டைக்காலின் பின்னால் சூரல் நரம்பும் போகின்றன. அங்கே சூடு பட்டால் தோல் மரத்துப்போய் மாதக்கணக்கில் இருக்கும். முகப்புக்கும் தோலுக்கும் இடையே காற்றுக் குமிழி இருந்தால் ஒலி உள்ளே போகாது. மயிர் மழிக்காத கால், ஜெல் சரியாகப் பூசாத கால், புண்ணின் கரடுமுரடான விளிம்பு எல்லாவற்றிலும் இதே சிக்கல்.

மேலே தெரியும் நெளிந்த கிளைநாளங்களையும் நீலச் சிலந்தி வலைகளையும் இது எடுக்காது. அவற்றுக்குப் பிறகு நுரையோ சிறு கீறலோ தேவைப்படும். 2019இல் அனுமதி பெற்ற கருவிக்குப் பத்தாண்டுப் பெறுபேறு இருக்க முடியாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெரிகோஸ் திரும்பி வருமா என்பது ஐந்து, பத்து வருடங்களில்தான் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. அழகுநிலையங்களில் முகத் தோலை இறுக்க “ஹைஃபு” (குவித்த ஒலியலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) என்று ஓர் இயந்திரம் வைத்திருப்பார்கள். பெயரும் தத்துவமும் ஒன்றுதான், ஆனால் அதன் குவிப்பு 1.5, 3, 4.5 மில்லிமீற்றர் ஆழங்களுக்கென்றே செய்யப்பட்டது. நாளத்தைப் பார்த்துச் சுடும் ஸ்கேன் அதில் கிடையாது. “காலுக்கும் செய்வோம்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த முறையானாலும் முதலில் டொப்ளர்

சிகிச்சையைத் தெரிவு செய்ய முன், எந்த நாளத்தின் வால்வு பழுது என்பதை அறிய வேண்டும். புடைத்துத் தெரியும் நாளம் பெரும்பாலும் விளைவுதான். மூலம் கவட்டிலோ முழங்கால் மடிப்பிலோ ஒளிந்திருக்கும். மூலத்தை விட்டுவிட்டு நெளிவை மட்டும் எடுத்தவர்களுக்கு அது சீக்கிரமே திரும்பி வருகிறது.

இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டொப்ளர் ஸ்கேனை நின்றபடி பார்க்க வேண்டும். பார்க்கும் காலை வெளிப்பக்கமாகத் திருப்பி, பாரத்தை மற்றக் காலில் போட்டு நிற்கச் சொல்வார்கள். ஸ்கேன் முகப்பைக் கவட்டில் வைத்துக்கொண்டு கெண்டைச் சதையைக் கையால் பிசைந்து விடுவார்கள். பிசையும்போது இரத்தம் மேலே போகும். கையை விட்டதும் நல்ல வால்வு மூடிக்கொள்ளும். பழுதான வால்வு மூடாது. திரையில் நிறம் மாறி, இரத்தம் கீழே வழியும். மேலோட்ட நாளத்தில் அது அரை வினாடிக்கு மேல் நீடித்தால் பின்னோட்டம் என்று எழுதுவார்கள். படுக்கவைத்து மட்டும் பார்த்த அறிக்கையை வைத்துச் சிகிச்சைக்குச் சம்மதிக்க வேண்டாம். அறிக்கையில் நான்கு விடயங்கள் இருக்கின்றனவா பாருங்கள்: எந்த நாளம், எங்கே இருந்து எங்கே வரை பின்னோட்டம், நாளத்தின் விட்டம் எத்தனை மில்லிமீற்றர், ஆழ்நாளங்கள் திறந்திருக்கின்றனவா. கடைசியது மிக முக்கியம். ஆழ்நாளம் முன்பே இரத்தம் கட்டிபட்டு அடைந்திருந்தால், மேலோட்ட நாளம்தான் இரத்தம் திரும்பும் வழியாக இருக்கலாம். அதையும் அடைத்தால் கால் இன்னும் வீங்கும்.

குவித்த ஒலியலை பற்றி யோசிப்பவர்கள் ஐந்தாவதாகத் தோலில் இருந்து நாளத்தின் ஆழத்தையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஓர் எண்ணைப் பார்த்தே, இந்த முறை தமக்குப் பொருந்தாது என்று பலருக்குத் தெரிந்துவிடும்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டி, டொப்ளர் எங்கே பார்ப்பது என்று கேட்டு ஆரம்பிப்பதே செலவு குறைந்த வழி. குருதிக்குழாய் நிபுணரிடம் கண்டிக்கோ கொழும்புக்கோ போவதானால் அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு, கிளினிக் கொப்பியையும் ஸ்கேன் அறிக்கையின் பிரதியையும் கொண்டு போனால் ஒரு பயணம் மிச்சம்.

லேசரும் ரேடியோ அலையும்

இரண்டும் நாளத்தை உள்ளே இருந்து சுடுகின்றன. முழங்காலருகில் ஊசியால் நாளத்தைக் குத்தி, மெல்லிய கம்பியோ கதீற்றர் என்ற மெல்லிய குழாயோ மேலே ஏற்றி, அதன் நுனியை, கவட்டில் நாளம் ஆழ்நாளத்தோடு சேரும் சந்திக்கு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் கீழே நிறுத்துவார்கள். அதைவிட மேலே போனால் ஆழ்நாளத்துக்குள் இரத்தக்கட்டி நீளும் ஆபத்து. மிகக் கீழே நின்றால் மேல்துண்டு திறந்தே கிடக்கும்.

அடுத்து நாளத்தைச் சுற்றிக் குளிர்ந்த, மரத்துப்போகச் செய்யும் லிக்னொகெயின் மருந்து நீர்த்துக் கலந்த சேலைனை ஸ்கேனில் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். ஒரு சென்ரிமீற்றருக்குச் சுமார் 10 மில்லிலீற்றர் என்றால், 45 சென்ரிமீற்றர் நாளத்துக்கு அரை லீற்றருக்குக் கொஞ்சம் குறைய. இது வலியைக் குறைக்கும், நாளத்தைச் சுடும் கம்பியோடு ஒட்டச் செய்யும், தோலையும் நரம்பையும் தள்ளி வைக்கும். இந்தப் படியை அவசரமாகச் செய்த இடங்களில்தான் தோல் சுடுவதும் மரத்துப்போவதும் நடக்கின்றன. நோயாளிக்கு உண்மையில் நோவதும் இந்த ஊசிகள்தான், சூடு அல்ல.

ரேடியோ அலைக் கதீற்றரில் பொதுவான வகை 7 சென்ரிமீற்றர் நீளச் சூட்டுத் துண்டு கொண்டது. 120 பாகை செல்சியஸில் 20 வினாடி, பிறகு கீழே இழுத்து அடுத்த துண்டு. கவட்டருகே முதல் துண்டை மட்டும் இரண்டு தடவை சுடுவார்கள். 45 சென்ரிமீற்றருக்குக் கூட்டிப் பார்த்தால் சுடும் நேரம் மூன்று நிமிடத்துக்குள் அடங்கும். குவித்த ஒலியலையோடு வைத்துப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் பெரிது. லேசரில் கம்பியைத் தொடர்ந்து மெதுவாக இழுப்பார்கள். 1470 நானோமீற்றர் அலைநீளமும் சுற்றிவர ஒளி வீசும் நுனியும் உள்ள புதிய கம்பிகள், பழைய 810, 980 வகைகளைவிடக் குறைந்த நோவும் கண்டலும் தருகின்றன. எது இருக்கிறதோ அதைத் தேர்ந்த கை செய்தால் பெறுபேறு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வருடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நாளங்கள் அடைந்தே இருக்கின்றன. சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டலும் முதலில் இவற்றை, அடுத்து நுரையை, கடைசியில் சத்திரசிகிச்சையை வரிசைப்படுத்தியது.

நாளம் பாம்புபோல் நெளிந்திருந்தால் கம்பி ஏறாது. முன்பு கவட்டில் சத்திரசிகிச்சை செய்து தழும்புக்குள் புதுநாளங்கள் முளைத்தவர்களுக்கும் ஏறாது. ஒலியலைக்கு நியாயமான இடம் இதுதான்: கம்பி போகாத, ஆனால் ஆழம் போதுமான சிறு துண்டு, புண்ணின் பக்கத்தில் ஆழ்நாளத்தில் இருந்து மேலே வரும் இணைப்பு நாளம், இரத்தம் ஐதாக்கும் மருந்தை நிறுத்த முடியாததால் நாளத்தைக் குத்துவதையே தவிர்க்க விரும்பும் நோயாளி. ஆனால் இவர்களிலும் பலருக்கு நுரையால் காரியம் ஆகிவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

நுரை

நாளத்தின் உட்சுவரைச் சேதப்படுத்தி அடைக்கும் சோடியம் டெட்ராடெசில் சல்பேட் அல்லது பொலிடோகனோல் என்ற திரவத்தில் ஒரு பங்கு, காற்றில் நான்கு பங்கு. இரண்டு சிரிஞ்சுகளை மூவழித் திருகியால் இணைத்து இருபது தடவை முன்னும் பின்னும் தள்ளினால் வெண்ணிறப் பசை போன்ற நுரை வரும். ஒன்றிரண்டு நிமிடத்தில் குமிழிகள் பெருத்து உடைந்துவிடும் என்பதால், ஊசி நாளத்துக்குள் நிற்பதை உறுதிசெய்த பிறகே நுரையைச் செய்ய வேண்டும். ஒரு தடவைக்கு மொத்தம் 10 மில்லிலீற்றருக்கு மேல் போகாமல் நிறுத்துவது வழக்கம்.

செலவு குறைவு, நெளிந்த நாளத்திலும் போகும், மயக்கம் வேண்டாம். குறை என்னவென்றால் நாளம் மீண்டும் திறப்பது கூடுதல். 798 பேரைக் கொண்டு பிரித்தானியாவில் நடந்த கிளாஸ் ஆய்வின் ஐந்தாண்டுப் பெறுபேறு 2019இல் வந்தது; லேசரும் சத்திரசிகிச்சையும் பெற்றவர்களின் நிலை, நுரை பெற்றவர்களின் நிலையைவிட நன்றாக இருந்தது. மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில், நாளம் போன வழியே பழுப்புக் கோடு மாதக்கணக்கில் நிற்கும். கல்யாணத்துக்கு முன் காலை அழகாக்க நுரை போட நினைக்கும் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குச் சிறிது நேரம் கண் மின்னலாம். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே துவாரம் உண்டென்று தெரிந்தவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நாளத்தை ஒட்டும் பசை முறையும் உண்டு. சூடில்லை, சுற்றிவர ஊசிகளும் இல்லை. ஆனால் பசை உடம்பில் தங்கிவிடும். சிலருக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு நாளத்தின் வழியே சிவந்து அரிக்கும். விலையும் கூட.

சத்திரசிகிச்சையும் மேசும்

கவட்டில் கீறி, சந்தியைக் கட்டி, நாளத்தை உருவி எடுக்கும் பழைய முறையை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. அரச வைத்தியசாலையில் காசில்லாமல் கிடைக்கிறது. கிளாஸ் ஆய்வில் அது லேசருக்குப் பெரிதாகப் பின்தங்கவும் இல்லை. முதுகில் ஊசி, கவட்டில் தையல், இரண்டு மூன்று வாரம் வேலைக்குப் போக முடியாத நிலை, கண்டல், காத்திருப்புப் பட்டியல் ஆகியவை விலை. கடலுக்குப் போகிறவருக்கு அந்த மூன்று வாரம் கச்சான் காலத்தில் விழுகிறதா வாடைக் காலத்தில் விழுகிறதா என்பதும் கணக்குத்தான்.

இறுக்கமான மேஸ், அதாவது கம்ப்ரெஷன் ஸ்டொக்கிங்ஸ், நோயை மாற்றாது. போட்டிருக்கும் நேரத்துக்கு மட்டும் தாங்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் புடவைக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பிள்ளையிடம் தொடைவரை மேஸ் போடு என்றால் மூன்றாம் நாள் அது அலுமாரிக்குள் போய்விடும். முழங்கால் வரையான வகை பெரும்பாலானவர்களுக்குப் போதும். காலையில் கட்டிலை விட்டு இறங்கமுன், வீக்கம் ஏறுவதற்குள் போட வேண்டும். பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறை போட்டு இழுத்தால் சுலபமாக ஏறும். ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும். நீரிழிவோ புகைத்தலோ உள்ளவர்கள், நடக்கும்போது கெண்டைக்கால் நோகிறவர்கள், கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இறுக்கமான மேஸ் போடக் கூடாது. அந்த விகிதம் 0.8க்குக் கீழே என்றால் பிரச்சினை நாடியிலும் இருக்கிறது. இறுக்கினால் விரல் கறுக்கும்.

யாருக்கு எது

புண் இருந்தால் இயந்திரத்தின் பெயரைப் பற்றி யோசிக்க நேரமில்லை. 2018இல் வெளியான எவ்ரா ஆய்வில், 450 பேரில் இரண்டு வாரத்துக்குள் நாளத்தை அடைத்தவர்களில் பாதிப் பேருக்குப் புண் ஆற 56 நாள் எடுத்தது. கட்டு மட்டும் போட்டுப் பிந்தி அடைத்தவர்களில் பாதிப் பேருக்கு 82 நாள். முறையை வைத்தியரே தெரிவு செய்தார், நுரையும் அதில் அடங்கும். எது முதலில் கிடைக்கிறதோ அதைச் செய்துகொள்ளுங்கள்.

தோல் கறுத்து, நேரான அகன்ற நாளம் என்றால் லேசர் அல்லது ரேடியோ அலை. வயது கூடி, வேறு வருத்தங்களும் உள்ளவர்களுக்கு நுரை நல்லது. திரும்ப ஒரு தடவை போட வேண்டி வரலாம் என்று தெரிந்துகொண்டே போட வேண்டும். கர்ப்பிணிகள் எதையும் செய்ய வேண்டாம். மேஸ் மட்டும் போட்டுக்கொண்டு, பிள்ளை பிறந்து மூன்று மாதமானதும் மறுபடி ஸ்கேன் பாருங்கள். நாளம் தானாகவே சுருங்கியிருக்கக்கூடும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்து, அங்கே ஒலியலை செய்வித்துத் தருகிறோம் என்று அழைத்தால், ஸ்கேன் அறிக்கையை முதலில் அனுப்பி இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: முழு நாளத்தையும் அடைப்பீர்களா, துண்டுகளை மட்டுமா? கிளைநாளங்களுக்கு வேறாகக் காசா? பதில் மழுப்பலாக வந்தால், அந்தக் காசில் உள்ளூரில் லேசரைச் செய்துவிட்டு மிச்சத்தைக் கையில் வைத்திருக்கலாம்.

தனியார் வைத்தியசாலையில் விலை கேட்கும்போதும் இதே அவதானம் வேண்டும். ஒரு காலுக்கா, இரண்டுக்கா? ஒருமுறை பாவிக்கும் கதீற்றரின் விலை சேர்ந்திருக்கிறதா? மேஸ், பிந்திய ஸ்கேன்? அரச ஊழியர்கள் அக்ரஹார காப்புறுதியில் என்ன கிடைக்கும் என்பதை, செய்து முடித்த பிறகல்ல, முன்னால் கேட்டு வைப்பது நல்லது.

திரும்பி வரும் வழி

கொழும்பில் இருந்து திருகோணமலை சுமார் 260 கிலோமீற்றர். பஸ்ஸில் ஆறேழு மணித்தியாலம் காலைத் தொங்கப்போட்டு இருக்க வேண்டும். நாளத்தைச் சுட்ட அன்றைக்கே அப்படி வருவது இரத்தக்கட்டிக்கு அழைப்பு. ஒரு இரவு அங்கேயே தங்கி, நடந்து திரிந்துவிட்டு வாருங்கள். வாகனத்தில் வந்தால் மணிக்கு ஒரு தடவை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்கவும். புகையிரதத்தில் எழுந்து நடக்க இடமுண்டு. முதல் ஒரு வாரம் கடலில் இறங்க வேண்டாம். இரண்டு வாரத்துக்குக் கன்னியா வெந்நீரூற்றுப் பக்கமும் போக வேண்டாம். சூட்டில் நாளங்கள் விரியும்.

தொடையில் கயிறு இழுப்பதுபோல் ஓர் இறுக்கம் ஒரு வாரம் பத்து நாளில் வரும். அது அடைந்த நாளம் சுருங்குவது; நடந்தால் குறையும். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டைக்கால் கல்லாகிவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து வைத்தியசாலைக்குப் போகவும். இன்னும் சிகிச்சை செய்யாதவரின் புடைத்த நாளம் உடைந்து இரத்தம் பீறிட்டால், உடனே படுக்கவைத்துக் காலை உயர்த்தி, உடைந்த இடத்தை விரலால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உடைந்த இடத்துக்கு மேற்பக்கம் காலைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டினால் இரத்தம் கூடத்தான் பாயும்.

சுட்ட நாளத்தின் கட்டி ஆழ்நாளத்துக்குள் எட்டிப் பார்க்கிறதா என்று முதல் வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் வேண்டும். லேசரானாலும் ஒலியலையானாலும் இதில் விலக்கில்லை. அதற்காக மறுபடி கொழும்புக்கு ஏற முடியாது என்பதால், சிகிச்சைக்குப் புறப்படமுன்னரே திருகோணமலையில் அந்த ஸ்கேனுக்கு நாள் எடுத்துவைத்துவிட்டுப் போங்கள்.